கல்லடி பட்ட அன்றே கண்ணாடியைச் சரிசெய்ய விடுங்கள்

மதிப்பிற்குரிய வாகன இன்சூரன்ஸ் கிளைம் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் கோப்பு உங்களிடம் இருக்கிறது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல், என் காரின் முன்கண்ணாடியில் அது பெயர்த்த ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத சில்லு, ஓட்டுபவரின் பார்வைக்குக் குறுக்கே வராத இடம், ஓரத்திலிருந்தும் தள்ளியே இருந்தது. ரெசின் என்ற பசைத் திரவத்தை ஏற்றிச் சரிசெய்ய இதைவிடத் தோதான சில்லு கிடைக்காது என்று பழுது பார்ப்பவரே சொன்னார். ஆனால் உங்கள் முன் அனுமதி இல்லாமல் கை வைத்தால் கிளைம் கிடையாது என்பதால், காரை அப்படியே திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அனுமதி வந்தது. அது வருவதற்குள் விரிசல் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. இனி ரெசின் உதவாது, கண்ணாடியையே மாற்ற வேண்டும். அதற்குப் புதிய கிளைம், புதிய ஆய்வு, கூடவே என் பங்காக நான் கட்ட வேண்டிய தொகை.

முன்கண்ணாடியின் சங்கதி உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம். சின்னக் கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும்தான் சிதறும். உள்ளே அடைந்த காற்றை உறிஞ்சிவிட்டு ரெசினைச் செலுத்தி, புற ஊதா ஒளி காட்டி இறுக வைப்பது அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேர வேலை. லேசாகத் தழும்பு தெரியும், ஆனால் விரிசல் அனேகமாக அங்கேயே நின்றுவிடும். சீக்கிரம் செய்ய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தூசும் ஈரமும் உள்ளே புகுந்துவிட்டால் ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது. இவ்வளவும் தெரிந்த நீங்கள்தான் காத்திருக்கச் சொல்கிறீர்கள்.

காத்திருந்தேன். சில்லின் மேல் ஒட்டுநாடா ஒட்டினேன். காரைக் கழுவவில்லை. வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்காற்று பட்டால் விரிசல் ஓடும் என்பதால், வியர்த்து வழிந்தாலும் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே ஏறும் காற்றழுத்தம் போதும் என்று யாரோ சொல்ல, வீட்டில் எல்லோரும் கதவை மெதுவாகச் சாத்தப் பழகினார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் கண் சாலையை விட்டுச் சில்லுக்குத்தான் போகும். வண்டி ஓட்டுபவருக்கு இது நல்ல பழக்கமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்கிடையில் நீங்கள் கேட்ட புகைப்படம். கண்ணாடியில் இருக்கும் சில்லைக் கைபேசியில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கேமராவுக்குச் சில்லு கண்ணில் படாது. அப்பால் நிற்கும் மரம்தான் இலை இலையாகத் தெளிவாக விழும். ‘படம் தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்பவும்’ என்றீர்கள். உள்பக்கம் கறுப்புத் துணியைப் பிடித்தால் சில்லு நன்றாக விழும் என்பதை நானே தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். அந்த ஒரு வரியை உங்கள் படிவத்தில் சேர்த்திருந்தால் எத்தனையோ பேருக்குப் புண்ணியமாகப் போயிருக்கும்.

என் பாலிசியில் இன்னொரு வரி இருக்கிறது: சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் பொறுப்பு. தடுக்க ஒரே வழி உடனே பழுது பார்ப்பது. அதை அனுமதியில்லாமல் செய்யக்கூடாது என்பதும் அதே பாலிசிதான். இரண்டு விதியையும் ஒரே நேரத்தில் காப்பாற்றும் வித்தை தெரிந்தவர் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், தயவுசெய்து எனக்கும் சொல்லித் தரச் சொல்லுங்கள்.

நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதற்குக் கோடரி எடுக்க வைத்திருக்கிறீர்கள். அந்தச் செலவில் பெரும்பங்கு உங்கள் கணக்கில்தான் விழுகிறது என்பது எனக்கு இன்னமும் விளங்காத கணக்கு. மாற்றுவது என்றால் கண்ணாடி விலையோடு முடிவதில்லை. தொழிற்சாலையில் ஒட்டிய பசையை அறுத்தெடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். அது இறுகும்வரை வண்டியை எடுக்கக்கூடாது. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும், பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது அதற்கு முட்டுக் கொடுப்பதிலும் இந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு, அதனால் பசையில் அவசரம் காட்ட முடியாது. என் காரில் கண்ணாடிக்குப் பின்னால் சாலையைப் பார்த்து ஓட்டுபவருக்கு உதவும் கேமராவும் இருக்கிறது. கண்ணாடி மாறினால் அதைத் திரும்ப அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு கிளைமில் சேருமா என்று கேட்டதற்குப் பதிலாக, உங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்று ஒரு செய்தி வந்தது. என் கண்ணாடியில் இருந்ததும் நட்சத்திரம்தான், படம் அனுப்பியிருக்கிறேன்.

பிரீமியம் ஒரு நாள் தாமதமானால் உங்களிடமிருந்து வரும் சுறுசுறுப்பைப் பற்றியும் எழுதலாம். அது வேறு மடல். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ரெசினால் சரிசெய்யக்கூடிய சில்லுக்கு முன் அனுமதி வேண்டாம். பாலிசிதாரர் அன்றே பழுது பார்க்கட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படமும் ரசீதும் பிறகு வரட்டும். மோசடி நடக்கும் என்ற பயம் இருந்தால், சிறு தொகை வரை என்று வரம்பு வையுங்கள், அல்லது நீங்களே ஒப்புக்கொண்ட பழுது பார்ப்பவர்களிடம் மட்டும் என்று சொல்லுங்கள். ஆனால் அன்றே செய்ய விடுங்கள்.

என் கிளைமில், அனுமதி தாமதமானதால் மாற்ற நேர்ந்த இந்தக் கண்ணாடிக்கு என் பங்குத் தொகையைத் தள்ளுபடி செய்யும்படியும், கேமரா சரிசெய்யும் செலவு சேருமா சேராதா என்று எழுத்தில் தெரிவிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்களில் ஒருவர்