பை தூக்கி வரும் பிள்ளை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் தேர்வு, சீருடை பற்றி எதுவும் இல்லை. அடுத்தவர் வீட்டில் வேலைக்கு இருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. கொஞ்சம் சங்கடமான விஷயம், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

காலையில் முதல் மணிக்கு முன்னால் நான் கேட்டில் நிற்பேன், தெரியும்தானே. சில வாரங்களாக ஒரு சிறுமியைப் பார்க்கிறேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறாள், அவன் பையும் தண்ணீர் பாட்டிலும் அவள் தோளில். கேட் வந்ததும் பையை அவன் முதுகில் மாட்டி, அவிழ்ந்த ஷூ லேஸைக் குனிந்து கட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறாள். பன்னிரண்டு வயது இருந்தால் அதிகம். விரல் இடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்திருக்கிறது. "நீ எந்த ஸ்கூல்மா?" என்று கேட்டேன். "நான் வீட்ல இருக்கேன் டீச்சர்" என்றாள். யார் வீட்டில் என்று கேட்பதற்குள் போய்விட்டாள்.

(அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், யாரென்று தேட வேண்டாம். அந்த வீட்டாரிடம் தனியாகப் பேசியாகிவிட்டது.)

அவர்கள் சொன்ன பதில் நீங்களும் கேட்டதுதான்: "எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வச்சிருக்கோம்." பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். சரி, வீட்டுப் பிள்ளை என்றால் எந்த வகுப்பில் படிக்கிறாள்? அதற்கு மட்டும் பதில் வரவில்லை. சொந்த வீட்டில் பிள்ளைகள் தட்டு கழுவுவதையும் தம்பியைப் பார்த்துக்கொள்வதையும் நான் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டில், எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கும் பிள்ளையைச் சொல்கிறேன்.

புத்தி சொல்லி மட்டும் இது தீராது, சட்டம் வேண்டும். தொழிற்சாலை என்றால் தொழிலாளர் ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்க்கலாம். வீடு என்றால் பல நாடுகளில் அவர் வாசலோடு நின்றுவிட வேண்டியதுதான், வீட்டு வேலையை வேலை என்றே கணக்கில் எடுக்காத சட்டங்களும் உண்டு. 2012ஆம் ஆண்டுக்குச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு போட்ட கணக்கில், அடுத்தவர் வீடுகளில் வேலை செய்த 18 வயதுக்குட்பட்டவர்கள் 1 கோடியே 72 லட்சம் பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு பெண் பிள்ளைகள். அதே அமைப்பு 2011இல் கொண்டுவந்த 189ஆம் எண் உடன்படிக்கை, மற்ற தொழில்களுக்கு உள்ள குறைந்தபட்ச வயதை வீட்டு வேலைக்கும் வைக்கச் சொல்கிறது, அந்தரங்கத்தைக் கெடுக்காமல் எந்தச் சூழ்நிலையில் அதிகாரி வீட்டுக்குள் போகலாம் என்பதையும் வரையறுக்கச் சொல்கிறது. குழந்தைத் தொழிலாளர் முறையின் மிக மோசமான வடிவங்களைத் தடுக்கும் 1999ஆம் ஆண்டு உடன்படிக்கையை 2020க்குள் உறுப்பு நாடுகள் அத்தனையும் ஏற்றுவிட்டன. இந்த 189ஐ ஏற்றவை அதில் கால்வாசிகூட இல்லை. வீட்டுக் கதவு என்று வந்ததும் எல்லோருக்கும் கை நடுங்குகிறது போலிருக்கிறது.

அதனால் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். சொந்தக்காரப் பிள்ளை என்று பெயர் வைத்தாலும் வேலை வேலைதான் என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகார் வந்தால் நீதிபதியின் அனுமதியோடு வீட்டுக்குள் போய்ப் பார்க்க வழி இருக்க வேண்டும். தண்டனை வேலைக்கு வைத்தவருக்கும் கூட்டி வந்து விட்ட தரகருக்கும்தான், வறுமையில் பிள்ளையை அனுப்பிய தாயை ஜெயிலில் போட்டு யாருக்கு என்ன லாபம்? அப்புறம், மீட்ட பிள்ளைக்கு அதுவரை உழைத்த கூலி முழுதும் கைக்கு வர வேண்டும், பள்ளியில் இடமும் வேண்டும். மீட்பதோடு நிறுத்திவிட்டால் அடுத்த மாதமே வேறொரு வீட்டில் இருப்பாள், இதை நான் பார்த்திருக்கிறேன்.

மனு அலுவலக மேஜையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை கையெழுத்திடலாம். ஏற்கவில்லை என்றால் என் அறைக்கு வந்து சண்டை போடுங்கள், மாலை 4 மணிக்கு மேல் இருப்பேன். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அவளையும் கூட்டி வாருங்கள். டி.சி., பிறப்புச் சான்றிதழ் எதுவும் இப்போதைக்கு வேண்டாம், ஆறாம் வகுப்பில் இரண்டு பெஞ்சு காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்