காஞ்சனபுரிக்கு இரண்டு இரவு கொடுங்கள்: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, மதுரை, கோலாலம்பூரிலிருந்து தமிழ்க் குழுக்களைத் தாய்லாந்துக்குக் கூட்டிச்செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

"நான்காம் நாள்: மிதக்கும் சந்தை, ரத்தினக் கடை, க்வாய் நதிப் பாலம், எரவான் அருவி. இரவு பாங்காக்கில் இந்திய உணவு." இந்த விடுமுறைக்கு வாட்ஸ்அப்பில் வந்த பயண நிரலின் இந்த ஒரு வரிதான் இம்மடலை எழுதவைத்தது. யாருடைய நிரல் என்பது வேண்டாம். பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் உங்களில் பலருடையதும் ஒரே அச்சு.

கணக்குப் பார்ப்போம். பாங்காக்கிலிருந்து டம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தைக்கு வேனில் ஒன்றேமுக்கால் மணி நேரம். அங்கிருந்து, க்வாய் நதிப் பாலம் இருக்கும் காஞ்சனபுரி நகரம் ஒன்றரை. நகரத்திலிருந்து எரவான் 65 கிலோமீட்டர், ஒன்றேகால். எரவானிலிருந்து பாங்காக் திரும்ப மூன்றரை, அதுவும் நெரிசலில் மாட்டாமல் இருந்தால். கூட்டினால் எட்டு மணி நேரம். விழித்திருக்கும் பொழுதில் ஏறக்குறைய பாதி வேன் இருக்கையில்தான். உங்களுக்குத் தெரியாத கணக்கா இது?

எரவான் என்பது நம் ஐராவதம்தான். ஏழு அடுக்கு அருவி. ஐராவதத்தைப் பார்க்க நீங்கள் ஒதுக்கியிருப்பது ஐம்பது நிமிடம். வேன் போய்ச் சேரும்போது மணி இரண்டரை ஆகிவிடும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 300 பாத். வண்டி நிற்கும் இடத்திலிருந்து முதல் அடுக்குக்கு நடக்கவேண்டும். இரண்டாம் அடுக்கைத் தாண்டித் தின்பண்டம் கொண்டுபோக விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு 20 பாத் முன்பணம் கட்டி, இறங்கும்போது பாட்டிலைக் காட்டித்தான் திரும்ப வாங்கவேண்டும். கூட்ட நாளில் அந்த வரிசையே பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். நான்காம் அடுக்குக்குமேல் மர வேர், வழுக்குப் பாறை, செங்குத்துப் படி. ஏழாம் அடுக்குவரை ஏறி இறங்க, குளிக்காமலே, இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். பிற்பகலானால் மேலடுக்குகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் வேன் வந்து நிற்பதும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான்.

என்ன நடக்கிறது? அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா உடை மாற்றும் அறை வரிசையில் கால் மணி நேரம் நிற்பார். முதல் அடுக்கில் கணுக்கால் நனைப்பார். மீன்கள் வந்து காலைக் கொத்தும்போது சிரிக்கத் தொடங்குவார்; அதற்குள் வழிகாட்டி கைதட்டிக் கூப்பிட்டுவிடுவார். ஈரப் புடவையோடு குளிரூட்டிய வேனில் மூன்றரை மணி நேரம். முன்னூறு பாத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஈரப் புடவை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: காஞ்சனபுரிக்கு இரண்டு இரவு கொடுங்கள்.

எப்படி என்று நீங்கள் கேட்கலாம். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன், காஞ்சனபுரி வழியாக 'நாம் டோக்' என்னும் ஊருக்குப் போகும் ரயில் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு 100 பாத். மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, திறந்த ஜன்னல். அரை மணி நேரம் தாமதமாவது சகஜம். அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள். பத்தரை, பதினொன்றுக்குக் காஞ்சனபுரியில் இறக்கிவிடலாம். அங்கே இறங்காமல் நாம் டோக் பக்கம் தொடர்ந்து போகிறவர்களை இடப்பக்க ஜன்னலில் உட்கார வையுங்கள். தாம் க்ராசேயில் பாறையை ஒட்டிக் கட்டிய மரப் பாலத்தில் ரயில் ஊர்ந்துபோகும்போது 'க்வே நோய்' என்னும் ஆறு அந்தப் பக்கம்தான் தெரியும்.

இரண்டாம் நாள் எரவான். காலை எட்டு மணிக்கு நகரத்தைவிட்டுக் கிளம்பினால் போதும். ஏழாம் அடுக்குவரை முதலில் ஏறிவிட்டு, இறங்கும்போது குளிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் காலை தா முவாங் பக்கத்து வாட் தாம் சுவா. குன்றின்மேல் பெரிய பொன்னிறப் புத்தர், 157 படிகள். முட்டிவலிக்காரர்களுக்கு இழுவைப் பெட்டியும் உண்டு. மேலே செருப்பைக் கழற்றவேண்டும். பத்து மணிக்குமேல் தரை சுடும், காலுறை எடுத்துவரச் சொல்லுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். தஞ்சாவூர்க்காரர் யாராவது குழுவில் இருந்தால் அவரைக் கிளப்புவது உங்கள் பாடு.

சைவக்காரர்களைக் காரணம் காட்டித்தான் இரவே பாங்காக் திரும்புகிறோம் என்பீர்கள். சிவப்பு எழுத்துள்ள மஞ்சள் கொடி தொங்கும் கடையில் "ஜே" என்று கேட்டால் மீன் சாறுகூடச் சேர்க்காமல் சமைத்துத் தருவார்கள். நாளைக்கு மூன்று வேளையும் பனீர் பட்டர் மசாலா சாப்பிடத்தான் தாய்லாந்து என்றால், அதற்கு விமானச் செலவு எதற்கு? நேரம் இல்லை என்றும் சொல்லவேண்டாம். ரத்தினக் கடைக்கு முக்கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. சொல்லவந்தது பாலத்தைப் பற்றி. இருபது நிமிடம், ஒரு குழுப் படம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' சினிமாவில் வந்த பாலம் இதுதான் என்று வழிகாட்டி சொல்கிறார். அந்த ஹாலிவுட் படத்துக்கான பாலம் இலங்கையின் கித்துல்கலையில் கட்டப்பட்டது. இங்கே இருப்பது இரும்புப் பாலம். வளைந்த கண்கள் பழையவை. நடுவில் கோணமாக நிற்கும் இரண்டும் குண்டுவீச்சுக்குப் பிறகு மாற்றப்பட்டவை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில்தான் இந்தப் பாலம்; பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இந்தச் 'சயாம் மரண ரயில்' என்றால் மலேசியக் குடும்பங்களில் இன்றும் பேச்சு நின்றுவிடும்.

காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்கு அருகே போர்க் கல்லறைத் தோட்டம். வரிசை வரிசையாகச் சுமார் 7,000 கல்லறைகள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்கு. தோட்டத் தொழிலாளிக்கு அங்கே கல் கிடையாது. ஆனால் அருகிலேயே வாட் தவோர்ன் வராராம் கோயிலில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கிய இடம் இருக்கிறது. 2023இல் தமிழர்களுக்கு நடுகல்லும் நாட்டினார்கள். பாலத்திலிருந்து நடக்கும் தொலைவில், 1944இல் ஜப்பானியரே எழுப்பிய நினைவுச் சின்னத்தில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. தமிழ்க் குழுவைத் தமிழ் வழிகாட்டியோடு கூட்டிவந்து, அந்தக் கல்லைக் காட்டாமல் ரத்தினக் கடைக்குத் திருப்புகிறீர்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நாங்கள் எழுதவில்லை.

விலை கூடும் என்பது புரிகிறது. இரண்டு இரவு அறையும் ரயில் கட்டணமும் சேர்த்துக் கூடுதல் எவ்வளவோ, அதை நிரலிலேயே வெளிப்படையாகப் போடுங்கள். வேண்டாம் என்பவர்கள் பாங்காக்கிலேயே இருக்கட்டும். ஒரு நாளில் முடிக்கும் பட்டியலிலிருந்து எரவானைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வைத்தால், இரண்டு இரவு.

அடுத்த விடுமுறை நிரல் அச்சுக்குப் போகுமுன் இதைப் பரிசீலிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

பி.கு.: ஆற்றின் பெயர் 'க்வே'. நிரலில் இருக்கும் 'க்வாய்' தாய் மொழியில் எருமை. அதையும் திருத்திவிட்டால் நல்லது.