அவசரப் பிரிவில் கையெழுத்திடும் முன்

நில எடுப்பு அதிகாரிகளுக்கும் அவர்களுக்கு உத்தரவிடும் அரசுச் செயலாளர்களுக்கும்,

வணக்கம். சாலையும் தொழிற்பேட்டையும் வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. நிலத்துக்காரர் வாய் திறப்பதற்கு முன்பே நிலத்தை எடுத்துக்கொள்ள வழிவிடும் அவசரப் பிரிவைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அறிவிக்கை வந்த 30 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம், அதை ஆட்சியர் கேட்டு விசாரிக்க வேண்டும் என்ற 5ஏ பிரிவு, 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் 1923-லேயே சேர்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் கிடைத்த அந்த உரிமையை, சுதந்திர இந்தியாவில் அதே சட்டத்தின் 17(4) என்ற அவசரப் பிரிவைக் காட்டி ஒரே வரியில் தள்ளிவைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் மாவட்டச் சிறை கட்ட 2008-இல் அப்படித்தான் அறிவிக்கை வந்தது. விசாரணைக்கு நேரமில்லை என்ற அதே அரசு, அடுத்த கட்ட அறிவிப்பை வெளியிட ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டது. விசாரணையைத் தவிர்த்தது செல்லாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கோரக்பூர் குடியிருப்புத் திட்ட வழக்கில், அவசரம் நியாயமில்லை என்று 2010-இல் அதே நீதிமன்றம் சொல்லியும் நில எடுப்பு ரத்தாகவில்லை. வேலை பெருமளவு முடிந்திருந்தது, பலர் இழப்பீடும் வாங்கியிருந்தார்கள். ஆக, வாதத்தில் ஜெயித்தாலும் நிலம் திரும்பும் என்ற உறுதி இல்லை.

பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 40-ஆம் பிரிவில் இந்த வாசலைக் குறுக்கியது: நாட்டின் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட வேறு அவசரம், அவ்வளவுதான். நல்ல மாற்றம். வெள்ளத்தில் ஊரே மூழ்கும்போது யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை. ஆனால் தமிழ்நாட்டில், அந்தச் சட்டத்தில் மாநிலம் சேர்த்துக்கொண்ட 105ஏ பிரிவின் வழியாக மாநில நெடுஞ்சாலை, தொழில் நோக்க நில எடுப்புச் சட்டங்களுக்கு, மக்கள் வாழ்வு எப்படிப் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடே கிடையாது. அங்கே மக்களுக்கு மிஞ்சியிருப்பது ஆட்சேபணை விசாரணை மட்டும்தான். அதையும் சம்பிரதாயமாக முடித்துவிடாதீர்கள்.

அந்த விசாரணையில் என்ன வெளிவரும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பேரில் இருக்கும், அனுபவிப்பவர்களோ நான்கு பேரப்பிள்ளைகளாக இருப்பார்கள். கிணறு ஒரு சர்வே எண்ணில், அதன் தண்ணீர் பாயும் வயல் பக்கத்து எண்ணில். கிணற்றை மட்டும் எடுத்தால் எடுக்காத வயலும் தரிசாகிவிடும், அதற்கு யார் இழப்பீடு தருவது? 'எல்லைக் கோட்டைக் கொஞ்சம் வடக்கே தள்ளினால் கிணறு தப்பிக்கும் ஐயா' என்று அந்த வயலுக்குச் சொந்தக்காரர்தான் சொல்வார். எந்த வரைபடத்திலும் அது எழுதியிருக்காது. உங்கள் சர்வேயருக்கும் அது உதவிதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி ஒவ்வொரு அவசர ஆணையிலும் திட்டம் முதலில் முன்மொழியப்பட்ட தேதி, நிதி ஒதுக்கிய தேதி, கோப்பு உங்கள் மேசைக்கு வந்த தேதி மூன்றையும் அரசிதழிலேயே அச்சிடுங்கள். கோப்பு அலுவலகத்தில் வருடக்கணக்கில் கிடந்திருந்தால், விவசாயியின் ஆட்சேபணைக்கு ஒதுக்க வேண்டிய நாட்களைப் பிடுங்கி அந்தத் தாமதத்தை ஈடுகட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டாதாரர்