‘எஸ் சார்’

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்தது. கப்பலில் என் வாட்ச் முறை வேலை முடிந்து இப்போதுதான் ஆற அமர உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி.

ஜப்பான்காரர் ‘பரிசீலிக்கிறோம்’ என்றதை நம்பி நீ ஒரு மாதம் காத்திருந்த கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியைத் தின்றுவிட்டு ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுறோம்’ என்பார்களே, அதுதானடா அது!

இங்கே என் பாட்டைக் கேள். கப்பலில் 21 பேர். கேப்டன் உக்ரைன், சீஃப் இன்ஜினியர் பல்கேரியா, மற்றவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ். டீசல் ஃபில்டரைக் கழுவி மாட்டிய பிறகு, ‘அடியில் வடிக்கும் வால்வ் இன்னும் மூடலையா?’ என்று இன்ஜின் ரூம் உதவியாளான ஆயிலரிடம் இங்கிலீஷில் கேட்டேன். ‘எஸ் சார்’ என்றான். பம்பைப் போட்டேன். தரையெல்லாம் டீசல். ஆமாம், இன்னும் மூடவில்லை என்றுதான் பையன் சொல்லியிருக்கிறான். ‘சாப்பிடலையா?’ என்றால் நாமும் ‘ஆமா, சாப்பிடலை’ என்போமே! இங்கிலீஷில் கேட்டதால் என் காதும் இங்கிலீஷ்காரன் காதாகிவிட்டது. திட்டு வாங்கியது அவன், தப்பு என்னுடையது. மறுநாள் அவனிடம் அதைச் சொல்லிவிட்டேன். அதற்கும் ‘எஸ் சார்’தான்.

சீஃபிடம் வேறு கூத்து. பல்கேரியாவில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. எல்லாரையும் குழப்பும் நம்மூர்த் தலையாட்டல் அவருக்கு மட்டும் சட்டென்று புரிகிறது!

1977இல் டெனெரிஃபே விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் செத்தார்கள். பனிமூட்டம், அவசரம் என்று பல காரணங்கள். அதில் ஒரு வாக்கியமும் உண்டு. ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்று டச்சு விமானத்திலிருந்து குரல் வந்தது. ஓடுபாதை முனையில் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது கட்டுப்பாட்டுக் கோபுரம். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. அங்கே யாருக்கும் இங்கிலீஷ் தெரியாமல் இல்லை.

கப்பல்களுக்கென்று 2001இல் சர்வதேச கடல்சார் அமைப்பு ஒரு சொற்றொடர்த் தொகுப்பு கொண்டுவந்தது. 150 டிகிரி திசையை ‘ஒன்-ஃபைவ்-ஜீரோ’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ‘மே’, ‘மைட்’ எல்லாம் ஆகாது. போகலாமா என்று கேட்கிறானா, போனாலும் போவேன் என்கிறானா, எவனுக்குத் தெரியும்? ஆனால் அந்தக் கறார், கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜோடு சரி. இன்ஜின் ரூம் சத்தத்தில் ஆளுக்கொரு இங்கிலீஷ். நான் இப்போது ‘புரிந்ததா?’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘முதலில் எதைத் திறப்பாய், காட்டு’ என்கிறேன். நேரம் பிடிக்கிறது, சீஃப் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

கார்த்திகையில் ஊருக்கு வருவேன், மக்ரூன் வாங்கி வை என்று எழுதத்தான் ஆசை. எனக்குப் பதில் வேலைக்கு வரும் ஆள் கொச்சியில் ஏறுவார் என்று ஆபீஸிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ‘மே’ போட்டு எழுதியிருக்கிறார்கள்.

உன்,
ராஜா