அத்தை கையில் ஒரு சாவி கொடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஜூன் மாதம் அத்தையும் மாமாவும் பாரிஸ் வருவதற்காக நீ போட்டு அனுப்பிய பட்டியலை அம்மா வாய்விட்டுப் படித்தாள். காலை ஈஃபில் கோபுரம், மதியம் லூவ்ர் அருங்காட்சியகம், சாயங்காலம் படகு, மறுநாள் வெர்சாய் அரண்மனை, அதற்கடுத்த நாள் டிஸ்னி. பாதியிலேயே முட்டியைத் தேய்த்துக்கொண்டு, “இது ஊர் சுற்றலா, போலீஸ் செலக்‌ஷனா?” என்று கேட்டாள். போனில் சொன்னால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விருந்தாளிக்கு ஊரைக் காட்டும் விஷயத்தில் பாண்டிச்சேரிக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். சனி, ஞாயிறு என்றால் நம் வீட்டில் யாராவது வந்து இறங்காத வாரம் குறைவு. மணக்குள விநாயகர், கடற்கரை, சுண்ணாம்பாறு படகு, ஆரோவில் என்று ஒரே சுற்று. கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டது, இன்னமும் வந்தவுடன் “யானை எங்கே?” என்றுதான் கேட்கிறார்கள். ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திர் உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சலித்திருப்பேன்! இத்தனை வருஷத்தில் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. நாம் கூடவே போய் விளக்கிக் காட்டிய இடமெல்லாம் ஊர் திரும்புவதற்குள் அவர்களுக்கு மறந்துவிடும். சண்டே மார்க்கெட்டில் தாங்களாகவே பேரம் பேசி வாங்கிய பெட்ஷீட்டைப் பற்றி மட்டும் பார்க்கும்போதெல்லாம் பேசுவார்கள்.

நாங்கள் அங்கே வந்தபோதும் அதே கதைதான். நீயும் மாப்பிள்ளையும் லீவு போட்டுக் கூட்டிப்போன இடங்களைக் குறை சொல்லவில்லை. லூவ்ரில் மோனாலிசாவைவிட எனக்கு முன்னால் நின்றவர்களின் செல்போன்களைத்தான் அதிகம் பார்த்தேன், அவ்வளவுதான். அம்மா இன்றுவரை அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பது வேறு ஒரு நாளைப் பற்றி. உன்னைத் திடீரென்று ஆபீஸில் கூப்பிட்டுவிட, வீட்டுச் சாவியையும் பஸ், மெட்ரோவுக்கான நவிகோ கார்டுகளையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாயே, அந்த நாள். 69ஆம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். பஸ்தீல், லூவ்ர், ஒர்சே எல்லாம் தாமாக வந்து போயின. ஷான் து மார்ஸில் இறங்கினால் எதிரே ஈஃபில். கால் வலிக்காமல் பாதி பாரிஸைப் பார்த்தாயிற்று. அப்புறம் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷபேல் பகுதிக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடையில் அம்மா முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கினாள். அவர் தமிழும் இவள் தமிழும் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. அங்கிருந்து ரூ பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில் கூப்பிடு தூரம். மணக்குள விநாயகரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியவளுக்கு அங்கே இன்னொருவர் காத்திருந்ததில் தனிப் பெருமை. நீ ஆபீஸிலிருந்து திரும்பியபோது வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

அத்தையை உனக்குத் தெரியும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மளிகைக் கடையையே தனியாக நிர்வகித்தவர். அவரை நிற்க வைத்து, “டிக்கெட் என்கிட்ட இருக்கு, இங்கேயே நில்லுங்க, அங்கே போகாதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் இரண்டாம் நாளே முகம் தொங்கிவிடும். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். ஊருக்கு வந்து என்னிடம் சொல்வார். ஆகவே அவர் கையில் ஒரு சாவி கொடு, ஒரு பஸ் நம்பர் கொடு, உன் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடு. காலையில் பகெத் ரொட்டி வாங்கிவரும் வேலை மாமாவுடையது. காசும் அவரே கொடுக்கட்டும், தடுக்காதே. எல்லாவற்றுக்கும் நீயே பர்ஸைத் திறந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் திங்கள் காலை வந்து இறங்குகிற மாதிரி பார். நவிகோ வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைக்குத்தான், வாரத்தின் நடுவில் வாங்கினாலும் ஞாயிறோடு முடிந்துவிடும். திங்களன்று வாங்கினால் விமான நிலையத்திலிருந்து வருவதும் அதிலேயே அடங்கிவிடும். கார்டுக்குப் போட்டோ வேண்டும் என்பதால் இங்கேயே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். மெட்ரோவில் 14ஆம் லைன் தவிரப் பெரும்பாலும் படிக்கட்டுதான். அத்தைக்குப் பஸ்ஸே போதும். அப்புறம், செவ்வாய்க்கிழமை லூவ்ர் என்று போட்டிருக்கிறாய். செவ்வாயன்று அது திறக்காதும்மா! அங்கேயே குடியிருக்கிற உனக்கு நான் முத்தியால்பேட்டையிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வெர்சாய்க்குத் திங்கள் விடுமுறை.

மாமாவுக்கு லூவ்ரைவிடக் கிமே அருங்காட்சியகம்தான் பிடிக்கும். அங்கே 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். ஆனித் திருமஞ்சனத்துக்குள் ஊர் திரும்பியாக வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டுக் கிளம்புகிற மனிதர், அந்தச் சிலை முன்னால் எவ்வளவு நேரம் நிற்பாரோ! நீ ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். அதுவும் செவ்வாய் மூடல்தான். இன்னொன்று, அவருக்குச் சர்க்கரை. அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும், கூச்சத்தில் கேட்க மாட்டார். தெருவோரம் நிற்கிற அந்த இலவசக் கழிப்பறைக் கதவை எப்படித் திறப்பது என்று முதல் நாளே காட்டிவிடு. உன் பட்டியலில் விட்டுப்போன முக்கியமான இடம் அதுதான். ஜூனில் அங்கே பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, எட்டு மணிக்குத் தட்டு வைத்துவிடு.

லீவு எல்லாவற்றையும் இதிலேயே கொட்டிவிடாதே என்பதற்கு எனக்கும் ஒரு சுயநலம் உண்டு. பொங்கலுக்கு நீ இங்கே வர வேண்டும்.

அத்தை பெட்டி கட்ட இப்போதே ஆரம்பித்துவிட்டார். நெய், பால்கோவா, கோழி ஊறுகாய் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன். பால் பண்டங்களையும் இறைச்சியையும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் கூடாது. ஆனால் கருவாட்டுக்குத் தடையில்லை, ஆளுக்கு 20 கிலோ வரை! அந்த ஊர் அதிகாரிகளுக்குக் கருவாட்டின் மேல் என்ன பிரியமோ. கடலூர் நெத்திலி இரண்டு கிலோ வருகிறது, பண்ருட்டி முந்திரியும் வருகிறது. பெட்டியைப் பால்கனியில் வைத்துத் திறக்கச் சொல்.

விசாவுக்கு உங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், வாங்க வேண்டிய அழைப்புப் பத்திரத்துக்குச் சீக்கிரம் நாள் குறித்துவிடு. சம்பள ரசீது, வீட்டுப் பத்திரம் எல்லாம் கேட்பார்கள். அசலைத்தான் இங்கே காட்ட வேண்டும், போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் ஆகாது. கூரியரில் நம் வீட்டு முகவரிக்கே அனுப்பு, நான் கடலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டை மாமா இங்கேயே எடுத்துவிடுவார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா