68 லட்சம் போதாதா என்று கேட்டிருந்தீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் நடக்கும் சம்பளப் பிரச்சினை பற்றி ஒரு பத்தி வந்திருந்தது. கல்லூரி முடித்துப் புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் வருடமே நம்மூர்க் கணக்கில் 68 லட்சம் ரூபாய் கிடைக்கிறது, சில மாத ஆட்டத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி. காலையில் படித்தது, இரவு வரை மனசு ஆறவில்லை.

நான் இருப்பது இண்டியானாபொலிஸில். இங்கே பால் வாங்குவதும் டாலரில்தான், சம்பளத்தில் வரி பிடிப்பதும் டாலரில்தான். புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வருடம் முதல் ஆளாகத் தேர்வான பெய்ஜ் பெக்கர்ஸுக்கு டல்லஸ் விங்ஸ் அணி தருவது 78,831 டாலர். சீசன் நடக்கும்போது அணியே வீடும் கொடுக்கிறது, சரி. ஆனால் என் அலுவலகத்தில் கல்லூரி முடித்து இரண்டு மூன்று வருடமே ஆன பிள்ளைகள் இதைவிட அதிகம் வாங்குகிறார்கள், அவர்களில் யாரும் தங்கள் துறையில் நாட்டிலேயே முதல் ஆள் இல்லை. அதே டல்லஸில், அதே 2025இல், ஆண்கள் லீக்கில் முதல் ஆளாகத் தேர்வான கூப்பர் ஃப்ளாக்குக்கு முதல் வருடச் சம்பளம் ஒரு கோடியே 38 லட்சம் டாலர். அவருக்கு வயது 18, பெக்கர்ஸுக்கு 23. ஆண்கள் கல்லூரியில் ஒரு வருடம் ஆடிவிட்டுப் போகலாம், அமெரிக்கப் பெண்கள் 22 வயதாகும்வரை அல்லது பட்டம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. பெக்கர்ஸ் அந்தக் கல்லூரி வருடங்களிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு முழு சீசனை இழந்தவர். இதெல்லாம் உங்கள் விளையாட்டுப் பகுதியில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

ஆணுக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடு என்று அந்தப் பெண்கள் கேட்கவே இல்லை. வருமானத்தில் பங்கு கேட்கிறார்கள். ஆண்கள் லீக்கில் ஆட்ட வருமானத்தில் ஏறக்குறையப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது, பெண்கள் லீக்கில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. புதுமுகத்தின் சம்பளம் பேரம் பேசி வருவதும் அல்ல. எத்தனையாவது ஆளாகத் தேர்வானாள் என்று பார்த்து, ஏற்கெனவே எழுதி வைத்த தொகையைக் கொடுப்பார்கள். அரங்கம் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் மூன்று வருடத்துக்கு அதே ஒப்பந்தம், நாலாவது வருடம் வேண்டுமா என்று முடிவு செய்வதும் அணிதான்.

ஆட்டக்காரர்கள் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட சம்பள ஒப்பந்தம்தானே என்று கேட்பீர்கள். போட்டதுதான், 2020 ஜனவரியில். இன்று லீக்குக்கே கூட்டம் சேர்க்கும் கெய்ட்லின் கிளார்க் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அவர் 2024இல் எங்கள் ஊர் இண்டியானா ஃபீவர் அணிக்கு வந்தபோது முதல் வருடத்துக்கு 76,535 டாலர், நாலு வருடமும் சேர்த்து 3,38,056 டாலர். அதற்கு முந்தின வருடம் நானும் மகளும் ஆட்டம் பார்க்கப் போனால் மேல் அடுக்கு வெறிச்சோடிக் கிடக்கும், விருப்பப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். கிளார்க் வந்த வருடம் ஆட்டத்துக்குச் சராசரியாக 17,000 பேருக்கு மேல். அவருடைய 22ஆம் எண் சட்டை வாங்க வரிசையில் நின்றோம், எங்கள் முறை வந்தபோது மகள் அளவில் ஒன்றுகூட இல்லை, எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் கிளார்க் கல்லூரியில் ஆடிய அயோவா மாநிலத்திலிருந்து கார் ஓட்டி வந்திருந்தார். இந்தக் கூட்டத்தால் வந்த காசில் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் சேர்ந்தது எவ்வளவு என்று உங்கள் பத்தியாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

லீக் நஷ்டத்தில் ஓடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இந்த ஜூனில் கிளீவ்லாந்து, டெட்ராய்ட், பிலடெல்ஃபியா மூன்று ஊர்க்காரர்களும் புது அணி வைத்துக்கொள்ள ஆளுக்கு 25 கோடி டாலர் கட்ட ஏன் ஒப்புக்கொண்டார்கள்? இரண்டு வருடத்துக்கு முன் புது அணி வைக்க கோல்டன் ஸ்டேட் அணிக்காரர்கள் கட்டியது 5 கோடிதான். 2026 முதல் 11 வருடத்துக்கு ஒளிபரப்பு உரிமையில் மட்டும் சுமார் 220 கோடி டாலர் வரப்போகிறது.

லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும் ஜூலை 19 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். எங்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுங்கள் என்று எழுதிய கறுப்புச் சட்டையோடு இரண்டு அணியும் பயிற்சிக்கு இறங்கின. ஆட்டம் முடிந்து நபீசா காலியர் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கும்போது அவர்களுக்குக் கொடு என்று ரசிகர்கள் கத்தினார்கள், என் மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்த ஜனமே இப்படிக் கேட்கிறது. உங்கள் பத்தியில் அது பேராசையாகிவிட்டது.

உங்கள் பக்கத்தில் இப்படி நடப்பது இது முதல் தடவையும் இல்லை. 2022இல் பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானபோது கஞ்சா எண்ணெய் பற்றி நாள் கணக்கில் எழுதினீர்கள். அமெரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கு ஏன் போனார் என்று எழுதவில்லை. சொந்த நாட்டு லீக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு அங்கே கிடைத்ததால் போனார். இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரரான டயானா டோராசிக்கு 2015இல் அவருடைய ரஷ்ய அணி, அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுக்கவே பணம் கொடுத்தது. அப்போதே இதைச் சொல்லி உங்களுக்கு எழுதினேன், பதிலும் இல்லை, பிரசுரமும் இல்லை. பெண்கள் ஆட்டம் என்றால் உங்களுக்கு மூலையில் இரண்டு அங்குலம், அதிலும் புள்ளி எடுத்தவர் பெயர் இருக்காது, படத்துக்குக் கீழே அழகைப் பற்றி ஒரு வார்த்தை கட்டாயம் இருக்கும். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகை என்பதால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். வேறு பத்திரிகை என்றால் படிப்பதை நிறுத்திவிட்டுப் போயிருப்பேன்.

அக்டோபர் 31ஆம் தேதியோடு இப்போதைய ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள், பெக்கர்ஸ், ஃப்ளாக் இருவரின் சம்பளத்தையும், ஆட்டக்காரர்களுக்குப் போகும் பங்கையும் டாலரிலேயே ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அப்புறம், இறுதிப் போட்டி முடிவு வரும்போது ஆடிய பெண்களின் பெயர்களையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
இண்டியானாபொலிஸ்
ஆகஸ்ட் 2025