மார்ட்டின் திருநாளும் நம் கடை மரக்காலும்

ஃபிரைபுர்க், ஜெர்மனி,
நவம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று அவசியம் எழுதுங்கள். நான் குடியேறியிருக்கும் ஊர் எப்படிப்பட்டது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நேற்று புனித மார்ட்டின் திருநாள். பிள்ளைகள் காகித விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு தெருவில் போனார்கள். இந்த ஊரின் முதல் குடிகள் மனைக்கு வாடகை செலுத்த வேண்டிய நாளும் அதுதான் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1120ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆண்ட சேரிங்கன் என்ற பிரபுக் குலத்தைச் சேர்ந்த கொன்ராட் என்பவர், தம் குடும்பத்தின் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தையை நிறுவ எண்ணி, நாலா பக்கங்களிலிருந்தும் வணிகர்களை வரவழைத்தார். வந்த ஒவ்வொருவருக்கும் 100 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட மனை கிடைத்தது. நம் கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு கிரவுண்டு. அதற்கு வாடகை ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் மட்டுமே.

ஆனால் அந்த வணிகர்கள் மனைக்காக மட்டும் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தைக்கு வருபவரின் பொருளைத் தம் எல்லைக்குள் யாரேனும் பறித்தால் அதை மீட்டுத் தருவதாகவோ ஈடு செய்வதாகவோ கொன்ராட் உறுதி கூறினார். குடியேறியவர் இறந்தால் அவருடைய சொத்து முழுவதும் மனைவி மக்களுக்கே சேரும் என்றும், அவர்கள் தேர்ந்தெடுக்காத பாதிரியாரையோ நீதி அதிகாரியையோ அவர்கள் மேல் அமர்த்துவதில்லை என்றும், வழக்கு எழுந்தால் வணிகர்களின், குறிப்பாகக் கொலோன் நகர வணிகர்களின், வழக்கப்படியே தீர்க்கப்படும் என்றும் வாக்களித்தார். பிரபுவின் நிலத்தோடு பிணைக்கப்பட்டு உழவர்கள் வாழ்ந்த காலத்தில், அயலூரிலிருந்து வந்தவனுக்கு இப்படி ஓர் உறுதி கிடைத்தது என்பதைப் படித்தபோது, நானும் வந்து குடியேறியவன் என்பதாலோ என்னவோ, மனம் நெகிழ்ந்துவிட்டது.

அந்தக் குலத்துக்குச் சந்தை புதிதல்ல. அதே வழியில் வந்த ஒரு பெர்டோல்டுக்கு, 999ஆம் ஆண்டிலேயே வில்லிங்கனில் சந்தை கூட்டவும் நாணயம் அடிக்கவும் சுங்கம் வாங்கவும் பேரரசர் மூன்றாம் ஓட்டோ உரிமை அளித்திருந்தார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரும் 1191இல் இக்குலத்தார் நிறுவியதே. 1218இல் ஐந்தாம் பெர்டோல்டோடு அவர்கள் வமிசம் அற்றுப்போனது. பின்வந்த பிரபுக்களோடு ஓயாமல் பூசலிட்ட நகரத்தார், 1366இல் மலைக்கோட்டையை இடித்து, 1368இல் பணம் கொடுத்தே தம்மை விடுவித்துக்கொண்டு ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குலத்தின் ஆட்சிக்குள் சென்றார்கள்.

உங்களுக்காக நான் நின்று நிதானமாகப் பார்த்துவந்தது வேறொன்று. ஊர் நடுவிலுள்ள பேராலயத்தின் கோபுரம் 116 மீட்டர் உயரம். அதன் அடியிலுள்ள வாசல் மண்டபச் சுவரில், துணி அளக்கும் முழக்கோலும், தானிய அளவும், செங்கல்லின் அளவும், ரொட்டியின் வடிவமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ரொட்டிகளின் அருகே 1270, 1317, 1320 என்ற ஆண்டுகள் காணப்படுகின்றன. தானியம் அருகினால் ரொட்டி சிறுத்தது. சிறுத்த அளவையும் மறைக்காமல் கல்லிலேயே காட்டினார்கள். ஏமாந்ததாக ஐயப்பட்டவர், வாங்கியதைக் கையோடு கொண்டுவந்து அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்றும் ஆலயத்தைச் சுற்றித்தான் காய்கறிச் சந்தை கூடுகிறது.

இதே ஊரார்தான் 1349 ஜனவரி 31 அன்று, கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற பொய்ப்பழியைச் சுமத்தித் தம்மிடையே வாழ்ந்த யூதர்களை எரித்துக் கொன்றார்கள். அயலாருக்குத் தந்த வாக்கால் எழுந்த ஊரில் அப்படி நடந்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அதையும் உங்களுக்கு எழுதாமல் விடக் கூடாது.

1944 நவம்பர் 27 இரவு விழுந்த குண்டுகளில் பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தும் கோபுரம் நின்றது. பிறகு பழைய தெருக்களின் போக்கை ஒட்டியே வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். தெரு ஓரங்களில் ஓடும் சிறு கல்வாய்க்கால்களும் அப்படியே இருக்கின்றன. ஒரு காலத்தில் தீயணைக்கவும் கால்நடைகளுக்கும் பயன்பட்ட அந்தத் தண்ணீரில், கோடையில் பிள்ளைகள் மரப்படகு விடுகிறார்கள்.

நம் கடையில் முத்திரை குத்திய மரக்காலும் படியும் பரணில் இன்னும் இருக்கின்றனவா? கடையை மூடிய பிறகு நான் அவற்றைப் பார்க்கவில்லை. அம்மா பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது இங்கே எடுத்துவந்து என் அறையில் வைத்துக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் அன்பு மகன்